குதிரையைக் காத்தவருக்கே கோப்பை

பெங்களூரு ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். எந்த ட்ரெய்னரின் குதிரைகள் அதிகப் பந்தயங்களில் முதலில் வந்தன என்று கூட்டிப் பார்த்து, முன்னிற்பவரைச் சாம்பியன் என்கிறார்கள். கோப்பை, புகைப்படம், கைதட்டல் எல்லாம் அவருக்கு. வென்ற குதிரையின் ரத்தத்தில் அன்று என்ன ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த சீசனில் அதே குதிரை நொண்டாமல் நடந்ததா என்பவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

2017 மார்ச்சில் அந்தத் தடத்தில் வென்ற குவீன் லத்தீஃபா என்ற பெண் குதிரையின் சிறுநீரில் புரோக்கெய்ன் இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. விவகாரம் பெங்களூரு டர்ஃப் கிளப்பின் சுவர்களுக்குள் அடங்கவில்லை, சி.ஐ.டி. விசாரணை வரை போயிற்று. 2024 ஜனவரியில் மத்திய குற்றப்பிரிவுப் போலீஸார் அதே வளாகத்துக்குள் புகுந்து, வரி ஏய்ப்புப் புகாரில் புக்கிகளைச் சோதனையிட்டார்கள். அந்த ஆண்டுக் கோடைப் பந்தயங்களுக்கு மாநில அரசு உரிமம் தர மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. முதல் விவகாரம் லாயத்தைச் சேர்ந்தது, இரண்டாவது பணம் கைமாறும் இடத்தைச் சேர்ந்தது. ஆனாலும் வெளியே நிற்கும் பொதுமக்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே சந்தேகத்தைத்தான் கொடுத்தன: இங்கே பரிசு வாங்குபவர் அதற்குத் தகுதியானவர்தானா?

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆண்டின் சிறந்த ட்ரெய்னர் விருது அதிகம் வென்றவருக்கு உரியதல்ல. தன் கைக்கு வந்த குதிரையைச் சுத்தமாக ஓட்டி, முழு உடம்போடு லாயத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவருக்கே உரியது. அப்படி ஒருவரும் தேறாத ஆண்டில் கோப்பை அலமாரியிலேயே இருக்கட்டும்.

ட்ரெய்னரின் வேலை என்ன என்று பார்த்தால் இது விளங்கும். பந்தயக் குதிரை ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள விலங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எடை முழுவதையும் தாங்கும் கால்களில், முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் தசைநாணும்தான். விடியுமுன் பயிற்சி ஓட்டத்தைப் பார்ப்பது, ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு காலாகத் தடவிச் சூடு இருக்கிறதா என்று அறிவது, 'ராத்திரி தீவனம் மிச்சம் வைத்துவிட்டது' என்று குதிரையைப் பராமரிக்கும் சைஸ் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வது, இவையெல்லாம் அன்றாடம். இவற்றுக்கு மேலே ஒரு முடிவு இருக்கிறது. பெரிய பந்தயம் வரும் வாரத்தில் குதிரையின் காலில் லேசான வீக்கம். உரிமையாளர் பணம் கட்டிவிட்டார், விருந்தினரையும் அழைத்துவிட்டார். 'இந்தக் குதிரை ஓடாது' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதுதான் இந்தத் தொழிலின் உச்சம். வெற்றிப் பட்டியலில் அந்த நாளுக்குக் கிடைப்பது ஒரு பூஜ்யம்.

நம் முன்னோர் அப்படிக் கணக்கிடவில்லை. பாரதப் போரின் பதினான்காம் நாள், பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனை வீழ்த்துவதாக அர்ச்சுனன் சபதம் செய்திருந்தான். ஒவ்வொரு நாழிகையும் உயிருக்குச் சமம். அந்த நேரத்தில் தேரை நிறுத்திக் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டினான் கண்ணன். அர்ச்சுனன் தரையில் நின்று பகைவரைத் தடுத்தான். உலகத்தையே ஆட்டுவிப்பவன் போர்க்களத்தின் நடுவே குதிரைக்காரனாகக் குனிந்து நின்ற காட்சியை வியாசர் சும்மா வைக்கவில்லை. நளன் கதையில், வாகுகன் என்ற பெயரில் மறைந்திருந்த நளன் இளைத்த குதிரைகளைத் தேர்ந்தெடுக்கிறான். அரசன் இருதுபன்னன் முகம் சுளிக்கிறான். அந்தக் குதிரைகளே ஒரே நாளில் அவனை விதர்ப்ப நாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. குதிரையின் உள்ளே இருப்பதைப் பார்த்தவன் நளன். ஊசி போட்டு ஓட்டியவன் அல்ல.

குதிரையைப் பேணத் தெரியாததால் வந்த கேடும் நம் மண்ணில் பதிவாகியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியே ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிப்பு இல்லாமல் ஓராண்டுக்குள் மாண்டுபோனதை எழுதியிருக்கிறார். விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! எழுநூறு ஆண்டுகளாகியும் அந்த வணிகப் புத்தி முற்றிலும் செத்துவிட்டதாகத் தெரியவில்லை.

புரோக்கெய்ன் என்பது மரத்துப்போகச் செய்யும் மருந்து. வலிதான் குதிரைக்கு இருக்கும் ஒரே வாய்ச்சொல். அதை அடைத்துவிட்டால், விரிசல் விட்ட எலும்போடும் அது ஓடும். மேலே ஜாக்கி, பக்கத்தில் ஏழெட்டுக் குதிரைகள். விழுந்தால் ஓர் உயிரோடு முடியாது. பென்சிலினோடு சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையிலும் புரோக்கெய்ன் உடம்பில் ஏறும் என்பது உண்மை. அப்படிச் சிகிச்சை கொடுத்திருந்தால் மருந்து முழுக்க வடியும்வரை குதிரையின் பெயரைப் பந்தயத்துக்குக் கொடுக்காமல் இருப்பதும் ட்ரெய்னரின் கடமைதானே?

'எனக்குத் தெரியாமல் யாரோ கொடுத்துவிட்டார்கள்' என்பது அடுத்த வாதம். லாயத்துக்குள் நடப்பதற்கு ட்ரெய்னரே பொறுப்பு என்பது உலகெங்கும் பந்தய விதி. அதைவிடப் பழைய விதி திருவாரூரில் இருக்கிறது. மனுநீதிச் சோழனின் மகன் வேண்டுமென்று கன்றின்மேல் தேரை ஏற்றவில்லை. கன்றுதான் குறுக்கே பாய்ந்தது. பரிகாரம் போதும் என்று அமைச்சர்கள் எடுத்துச் சொன்னார்கள். சோழன் கேட்கவில்லை. சேக்கிழார் அந்தக் கதையைத் திருத்தொண்டர் புராணத்தின் வாசலிலேயே வைத்திருக்கிறார். சோழன் போன தூரம் இன்று யாரும் போக வேண்டாம். ஒரு கோப்பையை நிறுத்தி வைத்தால் போதும்.

ஊக்கமருந்துக்கு ஆய்வகம் உண்டு. இன்னொரு குற்றத்துக்கு அதுவும் இல்லை. வெல்லும் குதிரையின் ரேட்டிங் ஏறும், சுமக்க வேண்டிய எடையும் ஏறும். ஆகவே சில பந்தயங்களில் குதிரையை அடக்கி ஓட்டி, ரேட்டிங்கை இறக்கி, எடை குறைந்து பந்தயம் கட்டுவோருக்குக் கிடைக்கும் விலை கூடிய ஒரு நாளில் திறந்துவிடுவது உலகின் எல்லா ரேஸ் கோர்ஸ்களிலும் முணுமுணுக்கப்படும் தந்திரம். பந்தயத்தைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகள் படம் போட்டுப் பார்த்துத் தண்டிக்கிறார்கள், எல்லாம் சிக்குவதில்லை. அப்படி வந்த வெற்றியும் பட்டியலில் ஒன்று என்றே ஏறுகிறது. வள்ளுவர் வினைத்தூய்மைக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பெற்றவள் பசித்திருக்கும் நிலையிலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். நடுவுநிலைமையில் இன்னும் கண்டிப்பு: நன்மையே தருவதானாலும் நடுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றைக்கே விட்டுவிடச் சொல்கிறார். ஒரு சாம்பியன் பட்டத்துக்கு இதைவிடத் தெளிவான தகுதி விதி எழுத முடியாது.

திருவிளையாடலில் நரிகள் பரிகளாகி மதுரைக்குள் அணிவகுத்தன. பாண்டியன் மகிழ்ந்து பரிசளித்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்தன. இறைவன் செய்தால் அது திருவிளையாடல். மனிதன் செய்தால் குற்றப்பத்திரிகை.

பரிசளித்துவிட்டுப் பின்னால் விழிப்பதை அமெரிக்கா அண்மையில் அனுபவித்தது. 2019ஆம் ஆண்டின் சிறந்த மூன்று வயது ஆண் குதிரைக்கான எக்லிப்ஸ் விருது, 2020 ஜனவரியில் மேக்ஸிமம் செக்யூரிட்டிக்குப் போயிற்று. மார்ச்சில் அதன் ட்ரெய்னர் ஜேசன் சர்விஸ் ஊக்கமருந்து வழக்கில் சிக்கினார். 2023இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறந்த ட்ரெய்னருக்கான எக்லிப்ஸ் விருதை நான்கு முறை வாங்கிய பாப் பஃபர்ட்டின் மெடினா ஸ்பிரிட், 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்தது. அதன் உடம்பில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து இருந்தது தெரியவந்ததால் 2022 பிப்ரவரியில் அந்த வெற்றி பறிக்கப்பட்டது. அதற்குள், 2021 டிசம்பரிலேயே, பயிற்சி ஓட்டத்துக்குப் பின் அந்தக் குதிரை சுருண்டு விழுந்து இறந்திருந்தது. அந்தச் சாவுக்கு மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் அவசரமாகச் சூட்டிய மாலையைக் கழற்றுவது எவ்வளவு அசிங்கம் என்று உலகம் பார்த்துவிட்டது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. எண்ணிக்கை யாருக்கும் வளையாது. 'நல்லவர்' என்று தேர்ந்தெடுக்கப் போனால் வேண்டியவர், வேண்டாதவர் என்று கமிட்டி பிளந்துவிடும். குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் குற்றவாளி அல்லர். சரிதான். ஆனால் எண்ணிக்கையும் அப்படியொன்றும் நடுநிலையானதல்ல. லாயம் நிறையக் குதிரை வைத்திருப்பவரையும் பத்துக் குதிரைக்காரரையும் ஒரே கூட்டலில் அடைப்பது பணக்கார உரிமையாளர்களுக்குக் கொடுக்கும் பரிசு. பெங்களூரின் ரஷீத் பைராம்ஜி எத்தனை பந்தயம் வென்றார் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 19 முறை ஓடி 18 முறை வென்ற ஸ்க்வாண்டரரை வளர்த்தெடுத்தவர் என்றால் பழைய ரேஸ்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்றையும் டர்ஃப் கிளப் மறந்துவிடக் கூடாது. 1974இல் தமிழகத்தில் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, அது சூதாட்டம் என்பதே அடிப்படை. 1996இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்துத்தான் அதைக் காப்பாற்றியது. அந்தத் திறமையில் குதிரையைப் பழக்கும் திறமைக்குப் பெரும் பங்கு. ஊசியாலும் அடக்கி ஓட்டுவதாலும் வெற்றி வருமானால் அந்தத் தீர்ப்பின் அடித்தளமே ஆடும். 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தபோது ஊரில் எழுந்த ஆரவாரத்தை நினைத்துப் பார்க்கலாம். மக்களின் மதிப்பை இழந்த விளையாட்டுக்காக யாரும் கண்ணீர் விட மாட்டார்கள்.

ரேஸ் கோர்ஸ் குணிகல்லுக்கு இடம் மாறும் பேச்சு பெங்களூரில் நடக்கிறது. திப்பு காலத்திலிருந்து குதிரை வளர்த்த மண் அது. அங்கே போவதற்கு முன்பே கிளப் ஸ்டூவர்டுகள் இதைச் செய்யலாம். ஒவ்வொரு ட்ரெய்னரின் வெற்றிகளோடு, அவர் ஓட்டிய குதிரைகள், காயம்பட்டு நின்றவை, இறந்தவை, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியவை ஆகியவற்றையும், ஓய்வு பெற்றவை எங்கே இருக்கின்றன என்பதையும் சீசன் முடிவில் அச்சிட்டுக் கொடுங்கள். கடைசி மாதிரியின் ஆய்வக அறிக்கை வரும்வரை கோப்பையை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.