கடலைக் கடக்கும் ஒளி



திருவரங்கத்தில் குடியிருந்துகொண்டு திருச்சிக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் நம்மில் பலர். நாள்தோறும் காவிரிப் பாலத்தில் போய் வருவதால், தாங்கள் வாழ்வது ஒரு தீவு என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு வந்தபோது அது நினைவுக்கு வந்தது. ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்று அடிமண் அரித்துப்போய்ச் சாய்ந்து விழுந்தது. நம் வீட்டில் ஒரு விளக்கு எரிவதற்கு எத்தனை ஆற்றைத் தாண்டிக் கம்பி வர வேண்டியிருக்கிறது!

மும்பைக்கு அருகே எலிஃபண்டா என்றொரு தீவு இருக்கிறது. குகைச் சிற்பங்களைப் பார்க்க உலகமே அங்கே போகிறது. அந்தத் தீவில் மூன்று சிற்றூர்களும் உண்டு. இந்தியா சுதந்திரம் அடைந்து 70 ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில்தான் அந்த மக்களுக்கு முறையான மின்சாரம் கிடைத்தது. கடலுக்கு அடியில் பதித்த ஏழரை கிலோமீட்டர் கேபிள் அதைக் கொண்டுவந்தது. அதுவரை மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்தான். ஒரு பக்கம் விடிய விடிய ஒளிரும் மாநகரம்; மறுபக்கம் இருட்டு. நடுவே இருந்தது கொஞ்சம் கடல்தான்.

இன்றைய நற்செய்தியில் நம் ஆண்டவர் காட்டும் செல்வரும் இலாசரும் அப்படித்தான் இருக்கிறார்கள். அந்தச் செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. வாசலில் கிடந்தவரைக் கவனிக்காமல் உள்ளே விருந்து உண்டார், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு வாசற்படி. இறந்த பிறகோ அது யாரும் கடக்க முடியாத பெரும் பிளவாகிவிட்டது. அன்பானவர்களே, நம் வாசலுக்கு வெளியே இருட்டில் இருப்பவர் யார்? நம் வீட்டு வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே எத்தனை வருடமாக அவர் காத்திருக்கிறார்?

இந்தக் கேள்வி நம்மைக் கலங்கவைக்கலாம். ஆனால் இதைக் கேட்கும் ஆண்டவர் நம்மைக் கைவிடுவதற்காகக் கேட்கவில்லை. வாசற்படி வாசற்படியாகவே இருக்கும்போது, இன்னும் நேரம் இருக்கும்போது, நம்மை எழுப்பிவிடுகிறார். இது அவருடைய இரக்கம்.

நம் கொட்டப்பட்டு அகதிகள் முகாமிலும் வாழவந்தான்கோட்டை முகாமிலும் இருக்கிற உறவுகள் காவிரியையும் கொள்ளிடத்தையும்விடப் பெரிய தண்ணீரைக் கடந்து வந்தவர்கள். 2022இல் அவர்களுடைய தாயகமான இலங்கை நெருக்கடியில் விழுந்தபோது, அங்கே ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு கப்பல் போனது நம் எல்லோருக்கும் தெரியும். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரே ஒரு கோளாறால் தீவு முழுவதும் இருண்டது. தனித்து நிற்கும் மின்கட்டமைப்புக்குத் தடுமாறும்போது தாங்கிப்பிடிக்க அடுத்த கை இல்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று, இந்தியா, இலங்கை ஆகிய இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கொழும்பில் கையெழுத்தானது. பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருந்த திட்டம் இது. பாக் நீரிணையின் அடியில் கேபிள் இறங்குவது இனிமேல்தான். அது இறங்கினால், நமக்கு மிஞ்சும்போது அங்கே போகும். அவர்களுக்கு மிஞ்சும்போது இங்கே வரும்.

கடலடிக் கேபிள் எப்படி இருக்கும் தெரியுமா? நடுவில் செம்பு அல்லது அலுமினியம். அதைச் சுற்றிக் காப்புறை, தண்ணீர் புகாமலிருக்க ஈய உறை, எல்லாவற்றுக்கும் மேலே இரும்புக் கம்பிக் கவசம். நங்கூரமும் இழுவை மடியும் கிழித்துவிடாதபடி கடல்தரையில் பள்ளம் பறித்துப் புதைப்பார்கள். இரு நாட்டு மின்சாரமும் நொடிக்கு 50 முறைதான் துடிக்கிறது. ஆனாலும் இரண்டு துடிப்பும் ஒரே கணத்தில் விழுவதில்லை. அப்படியே சேர்த்தால் இரண்டும் மோதும். இப்படித் துடிக்கும் மாறுதிசை மின்னோட்டத்தை நீண்ட கேபிளில் விட்டால், தூரம் கூடக்கூட அந்தக் கேபிளை நிரப்புவதிலேயே அதன் பெரும்பங்கு தீர்ந்துவிடும். ஆகவே ஒரு கரையில் அதை நேர்திசை மின்னோட்டமாக மாற்றி அனுப்பி, மறுகரையில் பழையபடி மாற்றிக்கொள்வார்கள். யாரும் தன் துடிப்பை விட வேண்டியதில்லை. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

ஒப்புரவைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியதும் இதுதான். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, கல்யாண வீட்டில் ஒரு வார்த்தையால் முறிந்த சம்பந்திகள், ஒரே கடலில் வலைவீசி ஒருவரையொருவர் சந்தேகிக்கும் இரு கரை மீனவர்கள். அவர்தான் என் வழிக்கு வர வேண்டும், என் மாதிரியே யோசிக்க வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருப்போம்? சமாதானம் பேசப் போனாலும், நம் பேச்சில் பாதி நம் கோபத்தை நிரப்பவே செலவாகிறதே. மறுகரைக்கு என்ன போய்ச் சேரும்?

ஆனாலும் மனம் தளராதீர்கள். இரக்கத்தின் பாதையை முதலில் போட்டவர் நாம் அல்ல. நாம் கேட்பதற்கு முன்னே, நம் பாவத்தின் ஆழத்துக்குத் தம் மகனை அனுப்பியவர் தந்தை. அவர் நம்மைப்போல் மனிதரானார். நம் மொழியில் பேசினார். நம் சாவையும் சுமந்தார். மேலே அலை எவ்வளவு கொந்தளித்தாலும் ஆழத்தில் அவருடைய இரக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும் ஒவ்வொருவருக்கும் அது வந்து சேருகிறது. நாம் கொடுக்க வேண்டியது நம்மிடம் உற்பத்தியாவதில்லை. பெற்றதைத்தான் கடத்துகிறோம்.

ஆகவே, பிரியமானவர்களே, இந்த வாரத்தில் பேச்சு நின்றுபோன ஒருவரை நீங்களே முதலில் அழையுங்கள். யார் செய்த தவறு என்ற கணக்கை எடுக்காமல், நலம் மட்டும் விசாரியுங்கள். முகாம்களில் இருக்கும் நம் சகோதரர்களைக் குடும்பமாகப் போய்ப் பார்த்து, அவர்களோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து நாளாகிவிட்டதே என்று கூச்சப்படுகிறவர்கள் தயங்காமல் வாருங்கள். ஆண்டவர் உங்களைக் கடிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை, கட்டியணைக்கவே காத்திருக்கிறார். அவருடைய இரக்கம் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் தங்குவதாக. ஆமென்.