ஒரு பெயர் எழுதவும்!

உங்களிடம் ஒரு படிவத்தைத் தருகிறேன். 'பெற்றோரைத் தவிர, உங்கள் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக யாருக்கெல்லாம் அனுமதி? பெயர், தொலைபேசி எண் எழுதவும்.'

இதிலென்ன கஷ்டம்? பாட்டி, சித்தப்பா, எதிர் ஃப்ளாட் மாமி, தினமும் கூட்டிப்போகிற ஆட்டோக்கார அண்ணன்... இடம்தான் பத்தாது!

என் தங்கை இந்தப் படிவத்தை ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில். கணவரின் வேலைக்காக மூன்று வயதுப் பிள்ளையோடு போய் இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாத யார் போய் நின்றாலும், கிண்டர்கார்டனில் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். "எழுத ஒரு பேர்கூட இல்லண்ணா" என்றாள் போனில். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்மாளுங்க இருப்பாங்களேம்மா!"

"இருக்காங்க. ரெண்டு ரயில் மாறிப் போகணும். அவசரத்துக்குப் பிள்ளையைக் கூப்பிட, ரயில் மாறியா வருவாங்க?"

அந்த ஊரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் குழந்தையை அழவிட்டுவிட்டுக் கதவைச் சாத்துவதில்லை. அம்மாவோ அப்பாவோ முதல் சில நாள் வகுப்பிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். பிறகு பத்து நிமிஷம் வெளியே, அப்புறம் அரை மணி... இப்படி வாரக்கணக்கில், பதமாகப் பழக்குகிறார்கள். மருமகன் மூன்றாவது வாரமே ஓடிப்போய் மணலில் விழுந்துவிட்டான். "அவனைப் பழக்க ஒரு முறை வெச்சிருக்காங்க. என்னைப் பழக்கத்தான் ஆளில்ல" என்றாள் தங்கை.

ஜெர்மன் மொழியிலும் நம்மைப்போல 'நீ', 'நீங்கள்' உண்டு. பார்க்கில் மணல்தொட்டியைச் சுற்றி நிற்கிற இளம் அம்மாக்கள் முதல் நாளே 'நீ' என்று பேசிவிடுவார்கள். ஆனால் 'சிநேகிதி' என்ற சொல்லை லேசில் தர மாட்டார்கள். பழக்கமானவர்களுக்குத் தனிச் சொல் இருக்கிறது. 'பெகான்ட்டெ'... தெரிந்தவள். வாரம் மூன்று நாள் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, தன் கணவரிடம் இவளை அப்படித்தான் அறிமுகப்படுத்தினாளாம். அன்றைக்கு ராத்திரி தங்கை தூங்கவில்லை.

கீழ்வீட்டில் ஒரு போலந்துக் குடும்பம். அவர்கள் பெண்ணும் அதே கிண்டர்கார்டன். "அவங்க பேரை எழுதேன்" என்றேன். அப்போதுதான் கேட்டாள் அந்தக் கேள்வியை.

"ஒரு ஃபாரத்தை நிரப்பணும்னு ஒருத்தர்கிட்ட போய்ச் சிரிச்சுப் பழகறது, அசிங்கம் இல்லையாண்ணா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த விஷயத்தில் பெரியவர்கள் அவள் பக்கம்தான். அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார். பயனுக்காக, இன்பத்துக்காக, ஒருவரின் நல்ல குணத்துக்காக. முதல் வகை, பயன் தீர்ந்ததும் உதிர்ந்துவிடும் என்றார். நம்மிடம் பிசிராந்தையார் இருக்கிறார். பாண்டிய நாட்டுப் புலவர். உறையூர் கோப்பெருஞ்சோழனை நேரில் பார்த்ததே இல்லை. மன்னன் வடக்கிருந்தபோது தேடி வந்து, கூடவே உயிர் விட்டார். இதற்கு முன்னால் 'கீழ்வீட்டம்மா, நாலு மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடுறீங்களா?' என்பது சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

ஆனால், அதே பிசிராந்தையாரிடம் 'வயசாகியும் ஏன் நரைக்கவில்லை?' என்று கேட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? புறநானூற்றில் இருக்கிறது. நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், மனமறிந்து நடக்கும் ஏவலர், நீதியான அரசன், ஊர் நிறையச் சான்றோர் என்று பட்டியல் போடுகிறார். படிவத்தில் எழுத அவருக்கு எத்தனை பெயர்! வீட்டிலும் ஊரிலும் எல்லாம் நிறைந்த மனிதருக்குத்தான், எதுவும் தேவைப்படாத நட்பு கைகூடுகிறது. அந்தப் பட்டியலை விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போனவளிடம் அதே அளவுகோலை நீட்டலாமா?

நம் கதையும் அப்படித்தானே? என் உயிர் நண்பன், ஆறாம் வகுப்பில் ஜியாமென்ட்ரி பாக்ஸ் இரவல் கேட்டவன். அவனுக்குத் தேவை காம்பஸ். நான் வேண்டியதில்லை. நட்பு எங்கே ஆரம்பித்தது என்பதை வைத்து அதை எடை போட்டால், நம்மில் பலருக்கு நண்பர்களே மிஞ்ச மாட்டார்கள்.

தங்கை கேட்டேவிட்டாள். சுற்றி வளைக்காமல், அரைகுறை ஜெர்மனில், "எனக்கு இங்கே யாரும் இல்லை. உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?" அந்தம்மா அவள் பேனாவாலேயே எண்ணை எழுதிக்கொடுத்தார்.

நவம்பரில் ஒருநாள் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. கணவர் வெளியூரில். தங்கை வீடு வந்து சேர்ந்தபோது, புனித மார்ட்டின் விழாவுக்குத் தான் செய்த காகித விளக்கைக் கட்டிக்கொண்டு பிள்ளை கீழ்வீட்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையிலேயே ஒரு டப்பா முறுக்கும் சாக்லேட்டுமாகப் போய் நின்றாள். அந்தம்மா முகம் கொஞ்சம் வாடியதாம். "கடனைத் தீர்க்க வந்தியா?"

நான் பி.காம். பேரேட்டில் இரண்டு பக்கமும் நேரானால், அந்தக் கணக்கை முடித்துக் கோடு போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நட்பில் அந்தக் கோடு விழவே கூடாது. யாராவது ஒருவர் பக்கம் எப்போதும் பாக்கி இருக்க வேண்டும்.

அப்படியானால் எதுதான் அசிங்கம்? தேவையை மறைத்து, பாசம்போல வேஷம் கட்டுவது. என் படிவத்தில் உன் பெயர் வேண்டும், உன் படிவத்தில் என் பெயர் கூடாது என்பது. தேவையோடு போய் நிற்பதில் வெட்கமில்லை. தேவை தீர்ந்ததும் மாடிப்படியில் பார்த்தும் பார்க்காததுபோல ஏறிப்போவதில்தான் இருக்கிறது.

உங்கள் அபார்ட்மென்ட்டில் போன மாதம் ஒரு குடும்பம் குடிவந்திருக்கும். பாட்னாவோ, புவனேஸ்வரோ. லிஃப்டில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் அசட்டுத்தனமாகச் சிரிக்கிறாள். 'என்னத்துக்கு அடி போடறா?' என்று தோன்றுகிறதா?

அவள் கையில் ஒரு படிவம் இருக்கலாம். பேனாவை எடுங்களேன்.