அடைக்கலப் பொருள்

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜொகூர் பாருவில், தடுப்பூசி போடப்படாத இரண்டு வயதுக் குழந்தையொன்று தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியாயிற்று. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வாகப் படர்ந்து மூச்சை அடைப்பதும், தன் விஷத்தால் இருதயத்தைத் தாக்குவதுமான அந்நோய்க்குரிய தடுப்பூசி, மலேசியப் பிரஜைகளின் குழந்தைகளுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் மாதங்களிலும், மீண்டும் பதினெட்டாம் மாதத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. கிடைத்தும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாயப்படுத்தலாமா என்று சுகாதார அமைச்சு அந்நாளில் யோசித்தது.

மறுக்கும் பெற்றோரை அன்பற்றவர்கள் என்று ஏசுவது அநியாயம். ஊசி போட்ட இரவில் உடல் கொதிக்கும் பிள்ளையைத் தோளில் கிடத்தி விடியும்வரை நடந்த தாய்க்கு, அந்தக் காய்ச்சல் தன் சம்மதத்தால் வந்தது என்ற நினைவு முள்ளாகத் தைக்கிறது. போடாமல் விட்டதால் வரும் நோயோ விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. செய்ததற்கே பொறுப்பு, செய்யாமல் விட்டதற்கு இல்லை என்னும் இந்த மயக்கத்திற்கு, பிள்ளை பெற்றோரின் உடைமையாக இருந்தாலன்றோ இடமுண்டு? கோயில் நகையைக் காக்கும் தர்மகர்த்தா, கதவைப் பூட்டாமல் உறங்கிவிட்டு, திருடியவன் நானல்லன் என்று தப்பிக்க முடியாதது போலவே, பேசத் தெரியாத ஜீவனை அடைக்கலமாக ஏற்றவர்க்கும் வாளாவிருத்தல் ஒரு செயலே ஆகிறது. அன்றியும், தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான் போடப்படுவதால், அதுவரை அண்டை வீட்டுக் கைக்குழந்தைக்கு அரணாக நிற்பவை மற்றப் பிள்ளைகளின் தேகங்களே. 100 பேரில் ஏறத்தாழ 95 பேராவது காப்புப் பெற்றாலன்றி அந்த அரண் நிலைப்பதில்லை.

ஆகவே, கட்டாயம் என்னும் சொல்லையே அதர்மமென்று ஒதுக்குவதற்கில்லை. ஆயினும், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் லயங்களை விட்டு நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பத்திரமில்லாத பிள்ளை பிரஜையாக எண்ணப்படுவதில்லை. பிரஜையல்லாதார்க்கு மருத்துவக் கட்டணமும் வேறு. அத்தகைய குழந்தையைச் சுகாதார நிலையத்துக்கு ஏந்தி வந்து, பத்திரம் கேட்பார்களே என்ற அச்சத்தால் வாசலோடு திரும்பும் தாயையும், ஐயத்தால் மறுக்கும் தகப்பனையும் ஒரே விதியால் தண்டிக்கும் சட்டம் எங்ஙனம் நியாயமாகும்? அவளுக்கு முதலில் அந்த வாசல் கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும். அவனருகில் தாதியாகிய மிஸ்ஸி ஒருத்தி அமர்ந்து, காய்ச்சல் ஏன் வருகிறது, எத்தனை நாளில் தணியும் என்பதைப் பதறாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். அபராதச் சீட்டு அதற்குப் பிறகு எழுதப்படலாம்.