கர்த்தாவின் பெயர்

ஒரு காரியத்தைத் தன் மனம்போன போக்கில் செய்யாமல், பலர் கூடி வகுத்த நியமத்தின்படி செய்கிறவன் அந்தக் காரியத்துக்குக் கர்த்தா ஆவானா, அல்லது நியமத்தின் கையில் வெறுங்கருவியாக நிற்கிறானா என்னும் விசாரம் யாகசாலைகளிலும் ஆலயங்களிலும் நெடுங்காலம் நிகழ்ந்து வந்ததுதான். ஆனால் மென்பொருள் பொதிகளைக் கட்டிப் பராமரிக்கிறவர்களின் தொழிலிலும் அது அதே கூர்மையோடு எழுகிறது.

இயன் மர்டாக் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய டெபியன் என்னும் கூட்டுப்பணியை எடுத்துக்கொள்வோம். பல தேசங்களில் இருக்கும் தொண்டர்கள், பிறர் எழுதிய நிரல்களைச் சேகரித்து, எவரும் தம் கணினியில் எளிதில் நிறுவிக்கொள்ளத்தக்க பொதிகளாக்கி வழங்குகிறார்கள். எந்தக் கோப்பு எங்கே அமர வேண்டும், ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்திருப்பதை எவ்வாறு அறிவிக்க வேண்டும், உரிம விவரத்தை எங்கே எழுத வேண்டும் என்பவற்றையெல்லாம் டெபியன் பாலிசி என்னும் விதிநூல் வகுத்துரைக்கிறது. செய்தே தீரவேண்டியது எது, செய்யத்தக்கது எது, செய்தாலும் செய்யாவிட்டாலும் குற்றமற்றது எது என்று அந்நூல் விதிகளைத் தரம் பிரித்துப் பேசுவதைக் காணும்போது, விதிவாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகர்களின் சிரத்தை நினைவுக்கு வருகிறது.

பொதுவிதிக்கு மேல், குழுக்கள் தமக்கென்று சில வழக்கங்களையும் வைத்திருக்கின்றன. பெர்ல் மொழிக்குரிய ஆயிரக்கணக்கான பொதிகளைப் பேணும் குழுவில், பராமரிப்பாளர் என்ற இடத்தில் தனிமனிதர் பெயர் இராது; குழுவின் பெயரே இருக்கும். அங்கத்தினர் எவரும் எந்தப் பொதியையும் எடுத்துத் திருத்தலாம். அனைத்தும் ஒரே அமைப்பில் கட்டப்பட்டிருப்பதால், முன்பின் பார்த்திராத பொதியைத் திறப்பவருக்கும் எதை எங்கே தேடுவது என்ற தடுமாற்றம் ஏற்படுவதில்லை.

தன்னுடையது என்ற அபிமானம் இருந்தால்தான் மனிதன் ஒன்றைப் போற்றிக் காப்பான் என்று சொல்வார்கள். இதை நான் முழுவதும் ஏற்கவில்லை. அபிமானம் பொருளைக் காப்பது உண்மையே. ஆயினும் அதைத் தன் சாயலில் வளைத்துவிடுவதும் அந்த அபிமானமே. தனக்கு மட்டுமே விளங்கும் சாமர்த்தியங்களால் ஒருவர் கட்டிய பொதி, அவர் நோயுற்றாலோ வேறு கடமைகளுக்குச் சென்றாலோ, அடுத்து வருகிறவருக்குப் பெருஞ்சுமையாகிறது. பின்னால் வரப்போகும் முகமறியாத ஒருவரின் சௌகரியத்துக்காக இன்று தன் சாமர்த்தியத்தை அடக்கிக்கொள்வது, மமகாரத்தைத் துறப்பதன்றி வேறென்ன?

கீதைக்கு உரை செய்த இராமானுசர், கர்மத்தைத் துறக்காமலே மூன்றைத் துறக்கச் சொன்னார்: நான் செய்கிறேன் என்னும் எண்ணம், என்னுடையது என்னும் எண்ணம், பலனில் பற்று. குழுவின் நியமத்துக்கு உட்பட்டவன் இரண்டாவதையும் மூன்றாவதையும் துறந்தே ஆக வேண்டும். முதலாவதில்தான் கவனம் வேண்டும். ஏனெனில் அதே ஆசாரியர், பிரம்ம சூத்திரத்துக்கு உரை கூறுமிடத்தில், ஜீவன் கர்த்தாவே என்றும், கர்த்தா அல்லாதவனை நோக்கிச் சாஸ்திரம் விதித்தால் அந்த விதிக்குப் பொருளே இராது என்றும், ஆயினும் அந்தக் கர்த்திருத்துவம் பரமாத்மாவைச் சார்ந்தது என்றும் நிலைநாட்டுகிறார். சார்ந்து நிற்பது வேறு, இல்லாமற் போவது வேறு.

இந்த நுட்பத்தை ஒவ்வொரு டெபியன் பொதியிலும் உள்ள சேஞ்ச்லாக் என்னும் குறிப்பேட்டில் கண்கூடாகக் காணலாம். பதிப்பு எண், செய்த மாற்றங்கள், இறுதியில் ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடுகள், மாற்றியவரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, சரியாக இரண்டு இடைவெளி விட்டு நாளும் நேரமும். இடைவெளி எத்தனை என்பதுகூட விதிக்கு உட்பட்ட அந்த வரியில்தான் தனிமனிதனின் பெயர் நிற்கிறது. குழுவின் சார்பில் செய்த மாற்றமானாலும் கையெழுத்து ஒருவருடையதே. எல்லார்க்கும் உரியது எவருடைய பொறுப்பும் அல்லாததாகிவிடும் அபாயத்துக்கு இதுவே மாற்று.

விதி அனைத்தையும் செய்துவிடாது என்பதற்கு, இரகசியத் திறவிகளை உருவாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொதியின் வரலாறு சான்று. சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை நீக்கும் நல்லெண்ணத்தோடு அதில் சில வரிகள் முடக்கப்பட்டன. 2006 செப்டம்பர் 17 அன்று அந்தப் பதிப்பு வெளியுலகுக்குச் சென்றது. இரகசியத் திறவிகளின் தற்செயல் தன்மை, 32,768க்கு மேற்படாத ஓர் எண்ணை மட்டும் நம்பியிருக்கும் நிலைக்குச் சுருங்கியது. பொதியின் வடிவத்தைப் பற்றிய எந்த நியமமும் இதைத் தடுத்திருக்க முடியாது. அந்த வரிகள் எதற்காக அங்கே இருக்கின்றன என்று அறிவது கர்த்தாவின் விவேகத்துக்கு உரிய காரியம். ஆனால் 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானபோது, எந்தப் பதிப்பிலிருந்து எந்த நாள் முதல் தீங்கு தொடங்கியது என்று திட்டமாகச் சொல்ல முடிந்ததென்றால், பதிப்புதோறும் எழுதிவைக்கும் அந்த எளிய ஒழுக்கமே அதற்கு உதவியது.

மூன்றாவதாகச் சொன்ன பலத்தியாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இனித் தம்மால் இயலாது என்று உணரும் பராமரிப்பாளர், பொதியை அனாதையானதாக முறைப்படி அறிவித்துவிட்டு விலகலாம். அப்போது பராமரிப்பாளர் என்ற இடத்தில் தர உறுதிக் குழுவின் பெயர் எழுதப்படும். விருப்பமுள்ள வேறொருவர் அதை ஏற்றுத் தம் பெயரில் அடுத்த பதிப்பைக் குறிப்பேட்டின் தலையில் எழுதுவார். விலகியவர் எழுதிய பழைய வரிகள் அவர் பெயரோடும் நாளோடும் அதன்கீழ் அப்படியே இருக்கும்.