முன்னறிந்த குளிரும் தீமையின் கேள்வியும்

மேலைச் சமய மெய்யியல் தீமையை இருவகைப்படுத்தி ஆராய்கிறது: கொலை, வஞ்சகம் போன்று மனிதர் விரும்பிச் செய்வது அறத்தீமை, நிலநடுக்கம், கொள்ளைநோய், பனிப்புயல் போன்றவற்றால் நேர்வது இயற்கைத்தீமை. முன்னதற்கு மனிதனுக்கு அருளப்பட்ட சுதந்திரத்தைக் காரணம் காட்டிய இறையியலாளர், பின்னதற்கு அவ்விடை பொருந்தாமையால், எல்லாம் அறிந்து, எல்லாம் வல்லவனாய், பேரருளும் உடைய இறைவன் அதனை ஏன் தடுக்கவில்லை என்ற வினாவின் முன் நெடுங்காலம் தடுமாறினர். விவிலியத்தின் யோபு நூலில், சூறைக்காற்றின் நடுவிலிருந்து பேசும் கடவுள், பனியின் களஞ்சியங்களை யோபு கண்டதுண்டா என்று கேட்டு அவன் வழக்கை அடக்குகிறார். வினாவுக்கு வினாவே விடையாகும் அப்பகுதியின் வலிமை முழுவதும் மனிதனின் அறியாமையைச் சார்ந்தே நிற்கிறது.

அவ்வறியாமைக்கு அமெரிக்கச் சமவெளியில் 1888 ஜனவரி 12 அன்று வீசிய பனிப்புயல் சான்றாகும். காலையில் இதமாக இருந்த வானிலையை நம்பித் தடித்த மேலாடையின்றிப் பள்ளி சென்ற சிறுவர் பலர், வீடு திரும்பும் வழியில் திசை தெரியாமல் உறைந்து இறந்தனர். மாண்டோர் தொகை சுமார் 235 என மதிப்பிடப்படுகிறது. வானிலை அறிவிப்பு அப்போது ராணுவத்தின் பொறுப்பில் இருந்ததாயினும், தந்திக்கம்பி எட்டாத பண்ணைவீடுகளுக்கு அதனால் பயனில்லை.

டெக்சஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் நிகழ்ந்தது வேறு. ஆர்க்டிக் குளிர்காற்று தெற்கே இறங்கும் என்பது பல நாள் முன்பே அறிவிக்கப்பட்டது. ஆளுநர் பிப்ரவரி 12 அன்றே பேரிடர் நிலையையும் பிரகடனம் செய்தார். ஆயினும் எரிவாயுக் கிணறுகளின் வாயிலில் ஈரம் உறைந்து குழாய்கள் அடைபட, மின்நிலையங்களின் அளவுகருவிகளும் உறைந்து செயலிழக்க, மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்கள் சில நின்றுபோக, அதனால் மின்னுற்பத்தி மேலும் குன்றியது. சுமார் 45 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்கின்படியே 246 பேர் இறந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் உடல்வெப்பம் குன்றி மாண்டவர்கள்.

லிஸ்பன் நிலநடுக்கத்தைக் குறித்து வோல்தேருக்கு 1756இல் எழுதிய கடிதத்தில், நெருக்கமான உயர்மாடங்களைக் கட்டியது இயற்கையன்று என ரூசோ வாதிட்டார். டெக்சஸைப் பொறுத்தவரை அவ்வாதம் சரியே என்றாலும், அதனோடு நின்றுவிட இயலாது. அறிவு, ஆற்றல், அருள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவன் என்பதாலேயே இறைவன் மீது பழி சுமத்தப்பட்டது. மனிதரிடத்திலோ இம்மூன்றும் சிதறிக் கிடக்கின்றன. வானிலையாளருக்குக் குளிர் தெரியும், குழாயைக் காக்கும் அதிகாரம் இல்லை. மின்நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு, செலவிடுமாறு எவரும் கட்டாயப்படுத்தவில்லை. போர்வைக்குள் நடுங்கிய முதியவருக்கோ இரண்டுமே பயன்படவில்லை. முன்னறிவிப்பு நிகழ்தகவையே கூறும் என்ற மறுப்பு உண்மையே. ஆயினும் 2011 பிப்ரவரிக் குளிரிலும் அதே மாநிலத்தில் மின்நிலையங்கள் முடங்கியிருந்ததால், இங்கு அது எடுபடாது.

கருவிகளைக் குளிருக்கு ஏற்பப் பாதுகாக்குமாறு 2011ஆம் ஆண்டிலேயே மைய அரசின் ஆய்வறிக்கை பரிந்துரைத்தது. அதனைக் கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் 2021 ஜூனில், இறப்புகளுக்குப் பின்னரே, கையெழுத்தானது.