யாருடைய அழுகை?

சென்ற மாதம் குன்னத்துக்குப் போயிருந்தேன். அந்தி நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகன் தன் கைபேசியில் ஏதோ சங்கீதம் வைத்தான். பாட்டு இல்லை; தாளமும் அநேகமாக இல்லை. ஒரு நீண்ட ஓசை எழும்பி, நடுங்கி, தேய்ந்து, எதிரே பருத்திக் காட்டு இருட்டில் கலந்தது. மறுபடி எழும்பிற்று. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினாள்.

"ஏன்டா, இதுல யாருடா அழுவுறது?"

"யாரும் அழுவல அப்பாயி. மெஷினு."

"மெஷினுக்கு யாருடா செத்தா?"

பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் இரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அவன் வைத்தது ஒரு விசித்திரமான தொகுப்பு. ஆமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கச் சங்கீதக்காரர் 'மூக்' என்னும் ஸிந்தஸைஸரை நிறுவினார். தந்தி இல்லை, துளை இல்லை, தோல் இல்லை. மின்சாரத்தை அதிரவைத்து, குமிழ்களைத் திருகி அந்த அதிர்வைக் கூட்டியும் குறைத்தும் ஓசையாக்குகிற யந்திரம். 1972 வரை கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற ஐந்து இந்தியர்கள் அதில் செய்த பதிவுகள், அந்த நிறுவனத்தின் காப்பகத்திலேயே நாடாச் சுருள்களாகக் கிடந்தன. பால் பர்காஸ் என்பவர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-ல்தான் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற பெயரில் அவை வெளிவந்தன.

துக்கமே அறியாத ஒன்று நமக்குத் துக்கத்தைத் தந்தால் அது பொய்த் துக்கந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். மூங்கிலுக்கு மட்டும் என்ன தெரியும் என்று யாராவது மடக்கினால், ஊதுகிறவனின் மூச்சு இருக்கிறதே என்பேன். யந்திரத்தில் மூச்சு ஏது?

அன்றிரவு என் கட்சிக்கு விரோதமாக ஒரு சாட்சி வந்து நின்றது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் இதே வீட்டில் என் தாயார் இறந்தபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. பாடை கட்டச் சொல்வதும், வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதும், பணம் எண்ணிக் கொடுப்பதுமாக அலைந்துகொண்டிருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு ஒப்பாரி வைக்க ஒருத்தி வந்தாள். என் தாயாரை அவள் பார்த்ததுகூட இல்லை. உட்கார்ந்தாள், கூந்தலை அவிழ்த்துவிட்டாள், குரலெடுத்தாள். சற்றைக்கெல்லாம் நான் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். கூலிக்கு மாரடிப்பது என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அதுதான் என் நெஞ்சைத் திறந்தது. அவள் அழுகை பொய் என்றால் என் அழுகையும் பொய்யா? அதைவிட மெய்யாக நான் அழுததே இல்லை.

ஆகவே, துக்கம் ஓசையில் இல்லை, நமக்குள்ளேதான் பூட்டிக் கிடக்கிறது. ஓசை ஒரு சாவி. சாவிக்கு எதற்கு உயிர்? தீர்ப்பு கிடைத்துவிட்ட திருப்தியோடு கண்ணை மூடினேன்.

காலையில் அத்தையிடம் கேட்டேன். "அன்னிக்கு ஒப்பாரி வைக்க வந்தாளே, அவ பேரு என்ன அத்தை?"

"பேரு யாருக்குடா தெரியும்? அதுக்கு ஆறு மாசம் முந்திதான் அவ மவன் கெணத்துல விழுந்து செத்துப் போனான். பாட்டுல அவனையும் சொல்லித்தானே அழுதா? நீ கேக்கலியா?"

நான் கேட்கவில்லை. கூலியை எண்ணி அவள் கையில் கொடுத்தவன் நான்தான். முகத்தைப் பார்த்துக் கொடுத்தேனா என்பது நினைவில்லை.

யந்திரத்துக்கு ஆத்மா உண்டா என்று நாம் வாதாடுகிறோம். ஆத்மா என் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதபோது நான் என்ன செய்தேன்? பணம் கொடுத்துக் கணக்கை முடித்தேன். என் அளவில் அவளையும் யந்திரமாகத்தானே வைத்திருந்தேன்? இந்த மின்சார ஓசை எனக்குச் சௌகரியமாக இருப்பதற்கும் இதுதான் காரணமோ என்று பயமாயிருக்கிறது. அது என்னை உருக்குகிறது. பதிலுக்கு நன்றிகூடக் கேட்பதில்லை.

ஆனால் அதுவும் மயக்கந்தான். குமிழ்களைத் திருகியவை மனித விரல்கள். கீதா சாராபாய் பக்வாஜ் வாசித்தவர். 1946-ல் ஜான் கேஜ் என்ற அமெரிக்கருக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்தபோது, மனத்தை அடக்கித் தெளியவைப்பதே சங்கீதத்தின் நோக்கம் என்று தம் குருவிடம் கேட்டதை அவரிடம் சொன்னவர். அவர் விரல்பட்ட ஓசையும்தான் ஐம்பது வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. எனக்கோ, அதைக் கேட்டு மனம் அடங்கவில்லை.

அந்த ஐந்து பேரின் கதையை அத்தைக்குச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப உள்ள ஆளு இருக்குன்னு சொல்லு" என்றாள். "அவன இன்னொரு தடவை வைக்கச் சொல்லு."