யாரிடம் அழுவது?

'மனசுல எதையும் வெச்சுக்கக் கூடாது. பட்டுன்னு கொட்டிடணும்' என்பார்கள் சிலர். 'எதையும் வெளியே காட்டக் கூடாது. அடக்கிக்கொள்பவனே ஞானி' என்பார்கள் வேறு சிலர். இதில் எது சரி?

இரண்டுமே பாதிதான் சரி! மீதிப் பாதியைச் சொல்லித் தருகின்றன, நம் இதிகாசங்கள்.

ராமபிரானையே எடுத்துக்கொள்ளுங்களேன்... விடிந்தால் பட்டாபிஷேகம் என்றிருந்தவனை, '14 வருடம் காட்டுக்குப் போ' என்கிறாள் கைகேயி. ராமனின் முகத்தில் துளி வாட்டம் இல்லை. வெளியே வருகிறான், அங்கே கூடி நின்றவர்களிடமும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தாய் கோசலை கதறுகிறாள். தம்பி லட்சுமணன் கொதிக்கிறான். இருவரையும் ராமனே தேற்றுகிறான்.

அடுத்து, சீதையின் மாளிகைக்குள் நுழைகிறான். அவளைப் பார்த்ததுமே, அதுவரை அடக்கி வைத்திருந்த சோகத்தை அவனால் மறைக்க முடியவில்லை என்கிறார் வால்மீகி. முகம் வெளுத்து, வியர்த்து நிற்கும் கணவனைக் கண்டு, 'என்ன ஆயிற்று?' எனப் பதறுகிறாள் சீதை.

கவனித்தீர்களா? கைகேயியிடம் கலங்கியிருந்தால், தந்தையின் வாக்கைக் குறை சொன்னதாக ஆகியிருக்கும். தாயின் முன் கலங்கியிருந்தால், அவள் துக்கம் இன்னும் பெருகியிருக்கும். ஆனால், சீதையிடமும் மறைத்திருந்தால் 'வாழ்க்கைத் துணை' எனும் சொல்லுக்கே அர்த்தம் இல்லையே! அவன் கலக்கத்தைப் பார்த்தவள்தான், 'நானும் உடன் வருவேன்' என்று உறுதியாக நின்றாள். ஆக, உணர்ச்சியைக் காட்டும் முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: 'யாரிடம்?'

இரண்டாவது கேள்வி, 'எப்போது?' இதற்கு குரு, நம் அனுமன்.

அசோகவனத்தில் மரக்கிளையில் மறைந்திருக்கிறான் அனுமன். கீழே ராவணன் வந்து, சீதையை மிரட்டி, இரண்டு மாதக் கெடு விதித்துவிட்டுப் போகிறான். அரக்கியர் அவளைச் சூழ்ந்துகொண்டு அச்சுறுத்துகிறார்கள். அனுமனுக்குக் கோபம் வராதா? வரும். ஆனால், அந்த நேரத்தில் குதித்திருந்தால், வந்த காரியமே கெட்டுப் போயிருக்கும். பொறுத்திருந்தான்.

சீதை உயிரை விடத் துணிந்த வேளையில்கூட, சட்டென்று எதிரே போய் நிற்கவில்லை. 'எந்த மொழியில் பேசினால் இவள் பயப்படமாட்டாள்?' என்று யோசிக்கிறான். பிறகு, மரத்தில் இருந்தபடியே ராம கதையை மென்மையாகச் சொல்லத் தொடங்குகிறான். அதைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கோபத்தை அடக்கத் தெரிந்தவனுக்கு, ஆறுதலைத் தாமதிக்காமல் சொல்லவும் தெரிந்திருந்தது. சுந்தர காண்டம் பாராயணம் செய்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிறுத்தி, மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி... சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டால்?

மகாபாரதத்தில் குந்திதேவியைப் பாருங்கள். இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கில் கர்ணன் வந்து நிற்கிறான். தன் மகன் எனத் தெரிந்துகொள்கிறாள், மயங்கி விழுகிறாள். 'தேரோட்டி மகன்' என்று அவனை எல்லோரும் இகழ்ந்தபோதும் வாய் திறக்கவில்லை. யுத்தம் நெருங்கியபோது கர்ணனிடம் மட்டும் சொன்னாள். பாண்டவர்களுக்கோ, போர் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தான் சொன்னாள். அண்ணனையே கொன்றுவிட்டோமே என்று துடித்துப் போனார் தருமபுத்திரர். ஊர்ப் பழிக்குப் பயந்து அந்தத் தாய் அடக்கிய அழுகை, ஒரு தலைமுறையையே அழவைத்துவிட்டது.

இன்றும் நம் வீடுகளில் இது நடக்கிறதே! புகுந்த வீட்டில் அடி வாங்கும் பெண், 'குடும்ப மானம் போய்விடுமே' என்று பெற்றவர்களிடம்கூடச் சொல்வதில்லை. கடனில் மூழ்கிய கணவன், மனைவிக்குத் தெரியாமல் தவிக்கிறான். பரீட்சையில் தோற்ற பிள்ளை, அப்பாவின் கோபத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். இதற்குப் பெயர் அடக்கம் அல்ல, ஆபத்து! கோபத்தை நாலு பேர் நடுவில் கொட்டாதிருப்பதே அடக்கம். வேதனையை வேண்டியவரிடம்கூடச் சொல்லாதிருப்பது, தனக்குத் தானே செய்துகொள்ளும் கொடுமை.

கேட்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. பம்பைக் கரையில் ராமன் புலம்பியபோது, லட்சுமணன் பொறுமையாகக் கேட்டுத் தைரியம் சொன்னான். உங்கள் பிள்ளை உங்களிடம் அழுதால், முதலில் கேளுங்கள். புத்திமதியைப் பிறகு சொல்லலாம்.

சொல்ல யாருமே இல்லையே என்கிறீர்களா? சீர்காழிக்குப் போய் வாருங்கள். குளத்தில் மூழ்கிய தந்தையைக் காணாமல், கரையில் நின்ற 3 வயதுக் குழந்தை, கோயிலின் சிகரத்தைப் பார்த்து 'அம்மையே, அப்பா' என்று அழுதது. அம்பிகையே வந்து ஞானப்பால் ஊட்டினாள். அந்தக் குழந்தைதான் திருஞானசம்பந்தர். சித்திரை மாதத்தில் அங்கே திருமுலைப்பால் உற்ஸவம் நடப்பது இதை நினைவுகூரத்தான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்களே... அது இறைவனிடமும் உண்மைதான்! இன்று மாலை விளக்கேற்றியதும், மனத்தை அழுத்துவதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். அழுது தீர்த்தபின் மனம் தெளியும். அந்தத் தெளிவோடு எழுந்து, உங்கள் மீது உண்மையான அன்புள்ள ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். சீதையாகவோ, லட்சுமணனாகவோ உங்களுக்கும் ஒருவரை இறைவன் நிச்சயம் வைத்திருப்பான்!